தங்கமுத்து சொன்ன ருசிகள்

தங்கமுத்து அண்ணன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தாகம் எடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதானே. அவர் அப்படியல்ல. சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, நூல் போல ஒரு தாரையை வாயில் விட்டுக்கொண்டு, வாயை மூடி நிற்பார். கண்ணும் மூடிக்கொள்ளும். கன்னம் இந்தப் பக்கம் ஒரு முறை உப்பும், அந்தப் பக்கம் ஒரு முறை உப்பும். அதற்குப் பிறகுதான் தொண்டைக்குழி ஏறி இறங்கும். எதிரே நிற்பவன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் திரும்பி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். திரும்பி வரும் வரைக்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் அவர் நம் எதிரில் இருப்பதே இல்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் அவர் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுக்கச் சுற்றும். வருடத்தில் பெரும்பகுதி அவர் ஊரில் இருக்கமாட்டார். நான் அவருடைய சகலை. அக்கா சௌந்திரத்தை அவர் கட்டினார், தங்கை நல்லம்மாளை நான் கட்டினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் வேலை பார்ப்பது ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில். புத்தகம் எடுக்க யாரும் வருவதில்லை, மின்விசிறிக்காக வருகிறார்கள். ஆகவே எனக்கு அடுத்தவர் கதையைக் கேட்க நிறைய நேரம் உண்டு.

அண்ணனுடைய கதை தினமும் விடியற்காலையில் சுவர் தாண்டி வரும். முதல் நாள் தோண்டிய கிணற்றிலிருந்து ஒரு சொம்பு பிடித்து மூடி வைத்துவிடுவார். இரவெல்லாம் அடியில் கல்மாவு படிந்து, விடியும்போது மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பல் விளக்கியதும் முதல் வேலை அதைக் குடிப்பது. குடித்த கையோடு சௌந்திரத்துக்குப் போன். அவள் போனைத் தலையணையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வாள். பாதித் தூக்கத்தில் கேட்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் வாயில் பிரஷ்ஷோடு நானும் நின்று கேட்பேன்.

கல்யாணமான புதிதில் அவருக்கு மனைவியிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். தூரத்தில் இருக்கும் பெண்ணிடம் துளையிடும் ராடு உடைந்ததையும் அதன் முனைப் பிட் மழுங்கியதையும் எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும். ஒரு நாள், இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தண்ணீர் குடித்தேன் என்றார். எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. கூழாங்கல்லைச் சப்பிய மாதிரி இருக்கும் தண்ணீர், பழைய ஆணியை நாக்கில் வைத்த மாதிரி இரும்படிக்கும் தண்ணீர், முதலில் ஒன்றுமே இல்லாமல் இருந்து கன்னத்துக்குப் போனதும் இனிக்கும் தண்ணீர். ஒவ்வொன்றையும் நாக்கில் ஆரம்பித்து, கன்னத்துக்குக் கொண்டுபோய், "தொண்டையில எறங்கறப்ப" என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுவிட்டு முடிப்பார். "தொண்டையில எறங்கறப்ப, பனிக்காலத்துல பித்தளைக் கொடத்தைத் தொட்டாப்பல இருக்குது, சாமி." அவ்வளவுதான். போன் அணைந்துவிடும். சௌந்திரம் இன்னும் சிறிது நேரம் அப்படியே கிடப்பாள்.

ஈரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனவள் அல்ல அவள். வண்டிச் சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைக்கிறாள். தையல் மிஷினும் பசை டப்பாவும்தான் அவளுடைய உலகம். ஆனால் டி.வி.யில் சத்தீஸ்கர் என்று காதில் விழுந்தால், அந்த ஊர்த் தண்ணி துரு வாடை அடிக்கும் என்பாள். அனந்தபூர் என்றால் முகத்தைச் சுளிப்பாள். அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு போர் உண்டு. அண்ணனே நின்று தோண்டியது. வந்தது உப்புத் தண்ணீர். ஊரெல்லாம் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவரின் வீட்டுக்குக் கேன் வண்டி வந்து நிற்பதைச் சொல்லி அவள் கேலி செய்யாத நாள் கிடையாது.

அவ்வளவு இதமான பெண்ணிடம் ஒரே ஒரு விஷயத்தில் விளையாட முடியாது. அவளுடைய அப்பா வெங்கடாசலம் லாரி ஓட்டியவர். குடிப்பார். ஒரு நாள் குடித்துவிட்டு, சங்ககிரி லாரிப்பேட்டையில் நிழலுக்காக ஒரு வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கினார். அந்த வண்டிக்காரருக்கு அது தெரியாது. சௌந்திரத்துக்கு அப்போது பதினெட்டு வயது. அண்ணன் பெண் பார்க்க வந்த அன்று, தலை குனிந்து காப்பித் தட்டோடு வந்த பெண், காப்பியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து எல்லோர் எதிரிலும் சொன்னாள். குடித்த வாயோடு என்றைக்கு இந்த மனிதர் என் வாசற்படி ஏறுகிறாரோ, அன்றைக்கு நான் இறங்கிவிடுவேன் என்றாள். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தங்கமுத்து அண்ணன் மட்டும் எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்.

அவள் சொன்னதைச் செய்கிறவள். சொந்தத் தாய்மாமன் வீட்டுக் காதுகுத்து விருந்தில் பின்பக்கம் பாட்டில் உடைத்தார்கள் என்று தெரிந்து, இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. மாமன் செத்ததற்குக்கூடத் தெருவில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள்.

அண்ணனும் சொன்னதைச் செய்தவர்தான். ரிக் வேலையின் கூச்சலும் புழுதியும் வேலை முடிந்ததும் ஆண்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் வட்டமாக உட்காரும்போது அவரும் உட்காருவார், கையில் மோர் டம்ளரோடு. கேலி செய்து பார்த்து அவர்களே ஓய்ந்துபோனார்கள். இப்படி இருபத்தைந்து வருடம்.

போன மாசி மாதம் வண்டி நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நின்றது. கிணறு நன்றாக வந்தது. கருங்கல்லைத் துளைத்துக்கொண்டு போய், கடைசி ராடு இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சியடித்ததாம். மறுநாள் காலையில் கம்ப்ரசர் படுத்துவிட்டது. அதற்கான சாமான் திருச்செங்கோட்டிலிருந்து போக வேண்டும். முதலாளி மற்ற ஆட்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டு, இந்த வண்டிக்குக் காவலாக அண்ணனை மட்டும் அங்கேயே இருக்கச் சொன்னார். நாலைந்து நாளில் வரும் என்றது ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது.

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் சத்தமில்லாத இடத்தில் இருந்தார். கொடிகள் வரிசை வரிசையாக மலையடிவாரம் வரைக்கும் போகும். விடியும் நேரத்தில் பனி அந்த வரிசைகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். தூரத்தில் பழம் பறிக்கும் பெண்களுடைய தலைகள் மட்டும் மிதந்து போகும். கிளி வந்து உட்காருவது தெரியாது, பழம் உதிரும் சத்தம் மட்டும் கேட்கும். இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு எனக்கே அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தத் தோட்டத்துக்காரி சுனந்தாபாய், அண்ணன் வயதுதான் இருக்கும். திராட்சையைச் சந்தைக்கு அனுப்புவதில்லை. ஒயின் செய்கிறாள். புதுக் கிணற்றுத் தண்ணீரை இந்த மனிதர் காலையில் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். உடனே கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய், ஒரு கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரற்கடை சிவப்பு ஒயினை ஊற்றி நீட்டினாள். நீயும் நாக்கால் பார்க்கிறவன், நானும் நாக்கால் பார்க்கிறவள், இதையும் பார் என்றாள்.

அண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சத்தியத்தைச் சொன்னார். சுனந்தாபாய் சிரித்தாளாம். குடிக்க யார் சொன்னது, வேலை நேரத்தில் நானே குடிப்பதில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதுதான் முறை என்று மூலையில் இருந்த வாளியைக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. ரகசியம் பேசும்போதும் ரிக் பக்கத்தில் ஓடுவது போலவே கத்துகிற மனிதர், அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

"தம்பி, நீ நாலு புஸ்தகம் படிச்சவன். வாயில வெச்சுத் துப்பிப்போட்டா, அது குடிச்சதாகுமா?"

நான் யோசித்தேன். எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இருப்பதாக ஞாபகம் இல்லை. கோர்ட்டில் கேட்டால் ஆகாது என்பார்கள், சௌந்திரத்திடம் கேட்டால் என்ன சொல்வாளோ தெரியாது என்றேன். அவரோ, அந்தக் கோப்பை பக்கத்தில் வந்தபோது நாவல் மரத்தடியில் நிற்பது மாதிரி வாசனை வந்தது என்றார். போனை வைத்துவிட்டார். மனிதர் வழுக்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் தடவை பெரிய கூத்தாகிவிட்டதாம். கோப்பையை வாங்கியவர் பழக்கதோஷத்தில் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, நூல் போல வாயில் விட்டிருக்கிறார். ஒயின் மூக்கில் ஏறி, கழுத்தில் வழிந்து, சட்டை பூராவும் சிவப்பு. சுனந்தாபாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். கோப்பை உதட்டில் பட வேண்டும். அதற்கு முன்னால் மூக்கு கோப்பைக்குள் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். உதட்டில் பட்டால் எச்சில் ஆயிற்றே என்று அண்ணனுக்கு உடம்பு கூசியது. வாயில் போட்டதைத் துப்புவது அதைவிடப் பெரிய கூச்சம். அவர்கள் வீட்டில் கசந்த வெள்ளரிக்காயைக்கூடத் துப்பவிட மாட்டார்கள். ஆனால் விழுங்க முடியாதே. துப்பினார். ஒவ்வொரு நாளும் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். வாளியையும் தானே தூக்கிப்போய்க் கொடியடியில் ஊற்றினார். பாவம் கழுவுகிற மாதிரி.

ருசி பார்க்கச் சரியான நேரம் காலை என்பாளாம் சுனந்தாபாய். எதுவும் சாப்பிடாத நாக்குதான் பொய் சொல்லாதாம். அதே நேரத்தில்தான் சௌந்திரம் போனைத் தலையணையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறுவார்.

முதல் நாள் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரஷ் வாயில் அப்படியே நின்றுவிட்டது. இது தண்ணீர் அல்ல, இந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஆக்கியது என்று அவர் ஆரம்பித்தார். 'ஆக்கியது' என்ற சொல்லுக்குள் மனிதர் எவ்வளவு பெரிய யானையை ஒளித்துவைத்தார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு, "செரி, சொல்லுங்க" என்றாள் சௌந்திரம்.

"கண்ணை மூடிக்க, சாமி. மொதல்ல நெறம். நாவப்பழம் தின்னுபோட்டு நாக்கை நீட்டுனா ஓரத்துல ஒரு நெறம் இருக்குமல்லோ, அது. மூக்குக்கிட்டக் கொண்டுபோனா மொதல்ல பழம். சித்த நேரம் வெச்சிருந்தா பழம் போயிருது. மொளகு இடிச்ச கையி. அதுக்குப் பொறகு, பூட்டிக் கெடந்த ஊட்டைத் தெறந்தாப்பல ஒரு மர வாசம். நாக்குல வெச்சா மெத்துனு ஒக்காருது. கன்னத்துக்குப் போறப்பத்தான் அதும்பட குணம் தெரியுது. கொட்டைப்பாக்கைக் கடிச்சாப்பல ரெண்டு கன்னமும் உள்ள இழுத்துக்குது."

அன்றைக்கு அவள் வேலைக்கு உட்காரவில்லை. கண் வீங்கியிருந்தது. பசை வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று என் மனைவி வந்து சொன்னாள்.

அடுத்த நாள் வெள்ளை. எலுமிச்சம்பழத் தோலை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியும், அந்த நிறம் என்றார். பழுக்காத கொய்யாவை நகத்தால் கீறிய வாசனை. மழை தொடங்கும்போது காய்ந்த பாறையில் விழும் முதல் நாலு துளி. நாக்கில் வைத்ததும் வாயின் இரு ஓரத்திலும் ஊறுவது, மாங்காய்ப் பிஞ்சை நினைத்தாலே ஊறுவது மாதிரி. சிவப்பு உட்கார்ந்து பேசும், வெள்ளை நடந்துகொண்டே பேசும் என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'ம்' வந்தது. அவளுக்கு விளங்கியிருக்கிறது.

அந்த மாதம் முழுக்க எங்கள் இரண்டு வீடும் ஏதோ மயக்கத்தில் இருந்தன. நான் கல்லூரியில் எப்படியோ வந்து கிடந்த ஹோட்டல் நிர்வாகப் பாடப்புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து ஒயின் பற்றிப் படித்தேன். கன்னத்தை உள்ளே இழுக்கும் ருசியை விளக்க அதை எழுதிய வெள்ளைக்காரர் அரைப் பக்கம் மூச்சு வாங்கியிருந்தார். துவர்ப்பு என்று ஒரு வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை, பாவம். புத்தகத்தைத் திருப்பி வைக்கும் முன் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். பழைய காகிதத்தில் லேசாக வெல்ல வாசனை இருப்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்ததே இல்லை. என் மனைவி ரசத்தை ஊற்றினால் நான் முதலில் நிறம் பார்க்க ஆரம்பித்தேன். திட்டு வாங்கினேன்.

சௌந்திரம் தைத்துக்கொண்டிருக்கும்போதே மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு ரிக் வண்டிக்காரர் சீட்டு உறைக்கு நீல ரெக்சின் கேட்டிருந்தார். அவள் கடைக்குப் போய், இருப்பதிலேயே கறுத்த சிவப்பை வாங்கி வந்து தைத்துக் கொடுத்தாள். அவர் கோபப்பட்டார். பிறகு உட்கார்ந்து பார்த்துவிட்டு காசைக் கொடுத்துவிட்டுப் போனார். விடியுமுன்பே அவள் விழித்துக் கிடப்பது எனக்குக் கேட்கும். போன் மணி முழுசாக அடிக்காது. "இன்னிக்குச் செவப்புங்களா, வெள்ளைங்களா?" என்பாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த சௌந்திரத்தின் குரலே அல்ல. காப்பித் தட்டை நீட்டுவதற்கு முந்தைய சௌந்திரமாக இருக்கும்.

ஒரு நாள் அவள் சொன்னாள். "ஏனுங்க மாமா, வரும்போது அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு கொண்டுட்டு வாங்க."

அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் செய்து பத்து நிமிடம் பேசினார். சொல்லாமல் இருந்தால் பொய், சொன்னால் வீடு போய்விடும். கொண்டுவராமல் வந்தால் அவள் முகம் வாடும், கொண்டுவந்தால் அதை என்னவென்று சொல்லி அவள் கையில் கொடுப்பது. அவளுடைய அப்பனைக் கொன்ற சாமானை அவளுக்குத் தெரியாமல் அவள் காதிலேயே ஊட்டிவிட்டேனே என்று அழுதார். எனக்கும் சங்கடமாக இருந்தது. எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று ஆரம்பித்து, கம்ப்ரசர் சாமான் வந்துவிட்டதா என்று கேட்டுவைத்தேன். நூலகத்தில் வேலை பார்ப்பவனுடைய லட்சணம் இது.

சாமான் போய்ச் சேர்ந்து, வண்டி கிளம்பி, இன்னும் பல ஊர்களில் தோண்டிவிட்டு, மழைக்காலத்துக்கு ஊர் திரும்பியது. அதுவரைக்கும் விடியற்காலையில் மறுபடியும் தண்ணீர்க் கதைகள்தான் வந்தன. ஆடி மாதம், வருவதாகச் சௌந்திரத்திடம் சொல்லியிருந்த ஒரு பிற்பகலில், வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுப் பின்கதவுக்கு வந்து நின்றார் அண்ணன். தோளில் மஞ்சள் பை. உள்ளே பழைய லுங்கியில் சுற்றி, ஸ்பேனர்களோடு ஸ்பேனராகப் பயணம் செய்த இரண்டு பாட்டில்கள். வழியில் சோதனைச் சாவடிகளில் அவர் வேர்த்த வேர்வைக்கு நாசிக் கிணறே நிறைந்திருக்கும். அந்தப் பையை நான் என் வீட்டில் வைத்திருக்க வேண்டுமாம். சௌந்திரத்தின் தங்கை அடுப்படியில் நிற்கும்போது. போய்ச் சொல்லிவிடுங்கள், என்ன ஆனாலும் ஆகட்டும் என்றேன். நீயும் வா என்றார். அப்படித்தான் நான் அங்கே போய் நின்றேன்.

கொல்லையில் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. வேப்பமரம் தலையை விரித்துப்போட்டு ஆடியது. அதன் கீழே கயிற்றுக் கட்டில். கட்டிலின் மேல் ஒரு வெள்ளைப் பட்டு வேட்டி, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்து விரித்திருந்தது. அம்மாபேட்டையில் எடுத்த அவருடைய கல்யாண வேட்டி. வேட்டியின் நடுவில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். பக்கத்தில் ஒரு வாளி.

அண்ணன் அதைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பற்றி அவர் அவளிடம் சொன்னது உண்டு. வாளியைப் பற்றிச் சொன்னதே இல்லை.

சௌந்திரம் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அண்ணன் பையைத் தரையில் வைத்துவிட்டு, சூடம் ஏற்றிய அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.

"சௌந்திரா, இது ஒயினு. நான் வாயில வெச்சேன்."

"தெரியுமுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"ஆருஞ் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க" என்றாள் அவள். "இத்தனை வருசமா எந்தத் தண்ணியா இருந்தாலும் தொண்டையில எறங்கற வரைக்கும் சொல்லுவீங்க. அந்த ஒரு மாசம், ஒரு நாளாச்சும் தொண்டைன்னு ஒரு வார்த்தை வந்துதுங்களா? கன்னத்தோட நின்னுபோச்சு. அப்பத் துப்பறாரு போலன்னு நெனைச்சேன். வாயில வெச்சும் நீங்க முழுங்காத சாமான் இந்த ஒலகத்துல ஒண்ணுதானுங்க இருக்குது."

நான் அந்த மாதம் முழுக்க சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவன். மிளகும் கொய்யாவும் பாறையும் எல்லாம் நினைவிருந்தன. தொண்டை வரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நாள் பூராவும் அழுததாக அவள் சொன்னாள். அப்பாவின் நினைப்பு வந்ததாம். இரண்டாவது நாள், எப்படியும் தொண்டை வரும், வந்தால் துணியை மூட்டை கட்டலாம் என்றுதான் கேட்டாளாம். வரவில்லை. மூன்றாவது நாளும் வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத நேரத்தில், இந்த மனிதர் ஒவ்வொரு வாயையும் அவள் பேரைச் சொல்லித் துப்பிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தபோது, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். அதற்குப் பிறகு அழவில்லையாம்.

"பின்ன ஏன் சாமி எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நிறுத்திப்போடுவீங்களே."

பாட்டிலை அவளே எடுத்தாள். மூடி திறக்கத் தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் பட்ட பாட்டை எழுதினால் மரியாதை போய்விடும். கடைசியில் கம்ப்ரசர் டூல் ஒன்றால் அண்ணன் தக்கையை உள்ளே தள்ளினார். ஒரு துளி தெறித்து வேட்டியில் விழுந்தது. சௌந்திரம் அதைத் துடைக்கவில்லை. சிவப்பை ஒரு டம்ளரில் இரண்டு விரற்கடை ஊற்றி, வேட்டிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். நாக்கு ஓரத்து நிறம்தான் என்றாள். மூக்கருகில் கொண்டுபோனாள். கண் மூடிக்கொண்டது. மிளகு எப்போது வரும் என்று காத்திருப்பவள் மாதிரி வெகுநேரம் நின்றாள். வந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தாள். பிறகு டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாமுங்க. நான் காதுலயே குடிச்சுப்போட்டேன். நீங்க இன்னிக்கு ஒரு வாய் முழுங்குங்க. தொண்டையைச் சொல்லாம அது பாதியில நிக்குது."

"சத்தியம்?"

"எங்கிட்டப் பண்ணுனதுதானுங்க. நாந்தான் கேக்கறேன். ஒரு வாய், அவ்வளவுதான்."

அவர் டம்ளரை வாங்கினார். நிறம் பார்த்தார், மூக்கைக் கொண்டுபோனார், உதட்டில் வைத்தார். கன்னம் இந்தப் பக்கம் உப்பியது, அந்தப் பக்கம் உப்பியது. கண் தானாக வாளியைத் தேடியது. சௌந்திரம் வாளியைக் காலால் நகர்த்தினாள். இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அந்தத் தொண்டைக்குழி அதற்காக ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். காற்றுகூட ஒரு நிமிடம் நின்ற மாதிரி இருந்தது.

சௌந்திரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விடியற்காலையில் கேட்பவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொண்டையில எறங்கறப்ப," என்று ஆரம்பித்தார் அண்ணன். நிறுத்தினார். மூச்சு விட்டார். மறுபடியும் யோசித்தார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"தொண்டையில ஒண்ணுமில்ல, சாமி. கொஞ்சம் காந்துது, அவ்வளவுதான். அந்த ருசி பூராம் உங்கிட்டச் சொல்றப்பத்தான் இருந்துதாட்டம் இருக்குது."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கி வந்தது. அண்ணன் டம்ளரில் மிச்சம் இருந்ததை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, உப்புத் தண்ணீர்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தார். நான் போக வேண்டிய நேரம் இது என்று தெரிந்தும் கால் நகரவில்லை.

"செரி," என்றாள் சௌந்திரம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு பாட்டலைத் தெறக்க வேண்டாம். அந்த வெள்ளையைச் சொல்லுங்க."

அவர் எலுமிச்சம்பழத் தோலிலிருந்து ஆரம்பித்தார்.